ஐந்து நிமிட வேலை

“மேடம், இதை மறந்துட்டீங்களா?”

ஜூனியர் மூன்றாவது முறையாக அந்தக் காகிதத்தை மேஜையில் நகர்த்தினாள். சீனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை ஒதுக்கித் தள்ளினார்.

சாட்சிக் கூண்டில் ஒரு காவலாளி. ராத்திரி வழியில் போனவர்மேல் லாரியை ஏற்றிவிட்டு நிற்காமல் போனது இந்த டிரைவர்தான் என்று அடித்துச் சொன்னார். கோர்ட் நம்பிவிட்டால் சீனியரின் கட்சிக்காரரான அந்த டிரைவருக்கு ஜெயில்.

காகிதம், ஜூனியர் பத்து நாள் அலைந்து வாங்கிய பழைய தீர்ப்பின் நகல். இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொல்லி ஆறு மாசம் உள்ளே இருந்தவர் இந்தக் காவலாளி.

“இது ஒண்ணு போதும். அஞ்சு நிமிஷ வேலை” என்று நேற்று சொன்னதே சீனியர்தான்.

இன்றைக்கோ காலை ஏழு மணிக்குச் சட்டக் கல்லூரியில் வகுப்பெடுத்துவிட்டு, குறுக்கு விசாரணையைப் பார்க்க மாணவர்களையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்திருந்தார்.

‘இப்படி ரெண்டு பக்கமும் ஓடினா தலையில என்னதான் தங்கும்?’ ஜூனியர் பல்லைக் கடித்தாள்.

“விளக்குக் கம்பத்துக்கும் உங்க கேட்டுக்கும் எத்தனை அடி இருக்கும்?”

“நாப்பது இருக்கும்ங்க.”

“நடுவுல மரம் இருக்கா?”

“இருக்குங்க.”

“லாரி வந்தப்போ எந்தப் பக்கம் திரும்பி நின்னீங்க?”

ஒரு மணி நேரம் ஓடியது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

“வக்கீலம்மா, இன்னும் எத்தனை கேள்வி?”

“தெளிவான பதில் கிடைக்கிற வரைக்கும், ஐயா.”

மதியம் சீனியர் சாப்பிடவில்லை. நின்றபடியே கேட், மரம், கம்பம் எல்லாவற்றையும் படமாக வரைந்தார். இரண்டரைக்கு மறுபடி ஆரம்பித்தார். குரல் கம்மிவிட்டது. விடவில்லை.

நாலு மணிக்குக் காவலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முகத்தைப் பார்க்கலைங்க. சட்டைக் கலரைத்தான் பார்த்தேன். போலீஸ் இவரைக் கொண்டுவந்து காட்டினதும் இவராத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.”

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஜூனியர் பொரிந்து தள்ளினாள்.

“நூலிழையில தப்பிச்சோம், மேடம்! அவர் வாய் தவறிச் சொல்லலைன்னா அந்த டிரைவர் கதி? கோர்ட்டா, காலேஜான்னு ஒரு முடிவுக்கு வாங்க.”

“முடிவெல்லாம் எப்பவோ எடுத்தாச்சும்மா. ரெண்டும்தான்.” சீனியர் கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்தார். “அந்த மனுஷனைப் பொய்யன்னு சொல்லாமலே உண்மையை வாங்க முடியும்னு தோணுச்சு. வாங்காம உட்காரக் கூடாதுன்னு நின்னேன்.”

“இருக்கிற ஆதாரத்தை வச்சுக்கிட்டு எதுக்கு மேடம் இந்த வீம்பு?”

சீனியர் பதில் சொல்வதற்குள், மாணவர் கூட்டத்திலிருந்து ஒரு பெண் அந்தக் காவலாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா, இவங்கதான் எங்க மேடம்! நீங்க கூண்டுல ஏறினப்பவே, அதுதான் எங்க அப்பான்னு மேடம்கிட்ட பெருமையா சொல்லிட்டேன்ப்பா!”