வாலோரத்து ஒற்றை முடி

வடகோடிப் பனிக்காட்டில், ஊசியிலை மரத்தின் புடைத்த மொட்டிலிருந்து பிடித்த ஈ அது. நம் நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈக்குத் தூரத்து உறவு. வாலோரம் வளைந்திருந்த ஒற்றை முடியை வைத்தே அதைப் புது இனமென்று ஆய்விதழில் எழுதினான் இளம்பரிதி. கூட வேலை பார்க்கும் யோகமலரின் பெயரை அதற்குச் சூட்டி, அச்சில் வரும்வரை அவள் கண்ணில் காட்டாமல் மறைத்தும் வைத்திருந்தான். இன்று நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"எப்படி இருக்கு உன் ஈ?" என்றான்.

அவள் அவனுடைய ஸ்வெட்டர் கையிலிருந்து வெள்ளை இழை ஒன்றைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டில் ஈயின் வாலருகே வைத்தாள்.

"நீயே பாரு, பரிதி. ரெண்டும் ஒண்ணுதான்."

அவனுக்குக் காதுமடல் சுட்டது.

"அச்சுல வந்த பேர இனி அழிக்க முடியாதுல்ல?" என்று மெல்லக் கேட்டாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்னோர் இழை தகட்டில் உதிருமுன் அவன் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கினான்.