சல்ஹாவின் கைப்பக்குவம்

பக்கத்து வீட்டுக் கிணத்துல சிமெண்ட் கொட்டுற சத்தம் கேட்டதும் லஸ்ஹர் ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடினான்.

"மன்னூபியா! வந்துட்டாங்கடி! மூடு, மூடு!"

அங்க இருந்த கிணத்து மேல பலகை, பலகை மேல பேரீச்ச மட்டை, மட்டை மேல ஆடு. லைசென்ஸ் இல்லாத கிணறு. மாட்டினா கிணத்துக்கு சிமெண்ட், லஸ்ஹருக்கு ஜெயில்.

"வர்றவருக்கு டீ குடுக்கணுமேங்க," என்றாள் மன்னூபியா.

"குடு. ஆனா பைப் தண்ணியில போடு! ஊரே உப்பு டீ குடிக்குது. நம்ம கிணத்துத் தண்ணியில போட்டா ஒரே வாய்ல கண்டுபிடிச்சிருவாரு."

அவ தலையாட்டினா.

முனிசிபாலிட்டி தண்ணி இன்ஸ்பெக்டர் பெல்காசெம் வந்து பாயில உக்கார்ந்தார். வாசல்ல சிமெண்ட் வண்டியோட ரெண்டு ஆளுங்க.

"ஊரு பெருத்துப் போச்சு லஸ்ஹர். ஆளாளுக்குத் திருட்டுத்தனமா தோண்டினா அடியில என்ன மிஞ்சும்? கேட்டா, பைப் தண்ணி உப்புங்கறாங்க. என் வீட்ல பைப் தண்ணிதான்யா! அதுலயே என் சம்சாரம் சல்ஹா டீ போடுவா பாரு... தேன்! எல்லாம் கைப்பக்குவம்."

"ஆமாங்கய்யா."

கொட்டில்ல ஆடு காலை உதைச்சுது. பலகை 'டொங்'குன்னுச்சு.

"என்னய்யா சத்தம்?"

லஸ்ஹர் அவசரமா இருமினான். "நெஞ்சுச் சளிங்கய்யா."

டீ வந்துது. லஸ்ஹர் ஒரு வாய் குடிச்சான். துளி உப்பு இல்ல! பாவி மக, குடியைக் கெடுத்துட்டாளே!

பெல்காசெம் ஒரு வாய் குடிச்சார். நிறுத்தினார். இன்னொரு வாய். முகம் வெளுத்துப் போச்சு.

"இந்த ருசி..."

"அய்யா, அது வந்து..."

"பேசாதே!"

கொட்டிலைப் பார்த்தார். மன்னூபியாவைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களாய்யா?" என்றாள் அவள்.

பெல்காசெம் சடார்னு எந்திரிச்சு வாசலைப் பார்த்துக் கத்தினார். "இங்க கிணறும் இல்ல, ஒண்ணும் இல்ல! வண்டியை எடுங்கடா!"

அவர் தலை மறைஞ்சதும் லஸ்ஹர் பாய்ஞ்சான். "பைப் தண்ணியிலன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! மறந்துட்டியா?"

"மறக்கல. தெரிஞ்சேதான் போட்டேன். தினமும் சல்ஹா பின்வாசல் வழியா வந்து நம்ம கிணத்துல ரெண்டு கேன் எடுத்துட்டுப் போறா. சல்ஹா கைப்பக்குவம் எந்தக் கிணத்துல ஊறுதுன்னு அவருக்கும் தெரியட்டுமேன்னுதான்."



அப்போ கதவு தட்டுற சத்தம். லஸ்ஹருக்கு உசிரே போயிருச்சு.

பெல்காசெம் தலையை மட்டும் உள்ள நீட்டினார். குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

"அம்மா... நான் இங்க டீ குடிச்சதை சல்ஹாகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அவ பயந்துக்கிட்டு தண்ணி எடுக்க வரமாட்டா."