மூன்று வருட விடுப்பு

ஆய்வு நிதி அறிவிப்புகளைத் தேடி ஆய்வாளர்களுக்கு அனுப்பும் அலுவலருக்கு ஒன்று பிடிபடவில்லை: மண்புழு ஆய்வாளருக்கு மட்டும் ஏன் இரண்டு வருடமாக எதுவும் போகவில்லை? அவள் எதிரே ஈரக் குடையோடு நிற்கிறாள். "மண்புழு கூட வழி கண்டுபிடிச்சு வந்துடும் சார், உங்க மெயில் வரல." சிரிக்கிறாள், கண் சிரிக்கவில்லை. யாருக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க, இரண்டு வருடம் முன் கணினியில் தான் அமைத்த வடிகட்டியை அவர் வரிவரியாகப் படிக்கிறார். இந்த நிதிகளுக்கு முனைவர் பட்டம் வாங்கி ஏழு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாண்டியவர்களை வடிகட்டி ஒதுக்கிவிடும். அவளுக்குப் பத்து. "நடுவுல குழந்தைக்காக மூணு வருஷம் லீவு. அதைக் கழிச்சா ஏழு, விண்ணப்பிக்க இதுதான் எனக்குக் கடைசி வருஷம்." விடுப்பைக் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒவ்வோர் அறிவிப்பின் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது, அவர் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார். காது சுடுகிறது. "தப்பு என்னோடது, மேடம்." விடுப்புக்கென ஒரு கட்டம் சேர்த்து மூன்றைக் கழிக்கிறார், வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடியும் ஓர் அறிவிப்பு அவள் பெயருக்கு நேரே வந்து நிற்கிறது.