பதினேழாம் குப்பி

பென்னாகரத்துக்கு வெளியே அமுதவல்லி அக்காவின் தக்காளித் தோட்டத்தில் நாற்பது மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்தேன். டிஎன்ஏ ஆய்வுக்கு ஒரு கால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் இடுக்கியால் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டேன். குப்பியின் எண்ணையே இறக்கையிலும் எழுதிப் பறக்கவிட்டேன். ஐந்து காலோடு அவை நன்றாகவே வாழும்.

“கால சாராயத்துல ஊறப் போட்டுட்டீங்க. அதுங்க தேடாதுங்களா?” என்றார் அக்கா.

“தேடாதுங்கக்கா.”

மறுநாள் காலையில் பதினேழாம் எண் வந்து தன் குப்பியின் மூடிமேல் உட்கார்ந்தது. மூன்று முறை விரட்டினேன், மூன்று முறையும் திரும்பி வந்தது. திங்கட்கிழமை நாற்பது மாதிரிகளையும் ஆய்வகத்தில் கொடுத்தாக வேண்டும். நான் யோசிப்பதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே மூடியைத் திருகிவிட்டார். பூச்சி குப்பியின் விளிம்பில் சற்று நேரம் நின்றது. பறப்பதற்குமுன் அதன் கால்களை எண்ணினேன். ஆறு இருந்தன. குப்பியில் ஆல்கஹால் மட்டும் இருந்தது.

நோட்டில் பதினேழுக்கு நேரே, ‘உரியவர் பெற்றுக்கொண்டார்’ என்று பென்சிலால் எழுதினேன். வேறென்ன எழுதுவது?

அடுத்த நாள் குப்பிப் பெட்டியோடு தோட்டத்துக்குப் போனபோது, வரப்பு நெடுக மஞ்சள் பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

“ரேசன் கடையாட்டம் நிக்குதுங்க பாருங்க,” என்றார் அக்கா.

குனிந்து இறக்கை எண்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றிலிருந்து நாற்பதுவரை வரிசை பிசகவே இல்லை. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு பூச்சி உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தன.