ஆறாவது சென்டிமீட்டர்

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். மனம் படும் பாட்டில் உடல் சுரக்கும் கார்டிசால் அதில் தங்கிவிடும். அதை அளப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை.

பாகூரில் என் அக்கா கோகிலாம்பாள் புருஷனின் அடி தாங்காமல் உயிரை விட்டாள். பாடையில் வைப்பதற்குள் அவள் தலையை ஒட்டி ஒரு கொத்து முடியை வெட்டிக்கொண்டேன். கடைசி ஆறு மாதங்களை அளந்தேன். மாதாமாதம் அளவு ஏறியிருந்தது. ஆறாவது மாத முடிவில் அவள் உயிரோடு இல்லை.

“அவளுக்கு மூளை சரியில்ல” என்று ஊரெல்லாம் சொன்ன அவள் புருஷன் நமச்சிவாயம் மாமா, கருமாதியன்று மொட்டை போட்டுக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. தூக்கமே வரவில்லை என்று புலம்பியவரிடம் ஒரு கொத்து வாங்கி வந்தேன். ஐந்து எண்களும் அக்காவின் முதல் ஐந்து எண்கள். வேறு கருவியில் அளந்தேன். புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை.

மாமா போன் செய்தார். “இன்னா ஜெயசுதா, ரிசல்ட் இன்னா சொல்லுது?”

“நார்மல்தான் மாமா. அடுத்த மாசம் இன்னொரு வாட்டி எடுக்கணும்.”

“நான் வரணுமா?”

“வேணாம் மாமா. நானே வந்து வெட்டிக்கிறேன்.”

கத்தரிக்கோலைத் துடைத்து, அக்காவின் முடி இருந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.