பாட்டைச் சத்தமாக வை

"பாட்ட இன்னும் சத்தமா வைடா!" என்று கார்க்காரனிடம் கத்திவிட்டு, சேதராப்பட்டு ஆலை முதலாளியின் அடியாள் வினோத்குமார் இரும்புக் கம்பியை ஓங்கினான். ஏரியில் கழிவு கலப்பதைத் தன் சேனலில் போட்ட எழிலரசனின் முழங்கால் நொறுங்கியது.

அலறல் வெளியே கேட்கக் கூடாதென்றுதான் பாட்டு என்று நினைத்த எழிலரசனின் அக்காள் கார்குழலி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் செல்போனில் பிடித்தாள்.

"எடுக்கா, நல்லா எடு!" என்று வினோத்குமார் சிரித்தானே தவிர, போனைப் பிடுங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தம்பியின் சேனலில் வீடியோவை ஏற்றினாள். "ஊரே பாக்கட்டும்டா வினோத்குமாரு, உன்ன!"

இரண்டே நிமிடத்தில் வீடியோ காணாமல் போனது. திரையில் ஒரு வரி: 'பின்னணிப் பாடலின் காப்புரிமை காரணமாக நீக்கப்பட்டது.'

போன் அடித்தது.

"பாட்டு எப்டிக்கா இருந்துச்சு?" என்றான் வினோத்குமார்.