வெள்ளிக்கிழமைப் பை

பல்கலைக்கழக விடுதியின் குப்பைத்தொட்டி, போடுகிற ஆளை அடையாளம் கண்டு எடை போடும். அளவு மீறினால் தேர்வு எழுத முடியாது. அதனால் ஜெனிட்டா வெள்ளிக்கிழமைதோறும் தன் குப்பையைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

எஸ்தர் மகளுக்காகச் சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். வந்தவள் பையை வாசலிலேயே இறக்கினாள்.

"உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போட்டி."

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. காலேஜ்லயே கம்மியா குப்பை போடுறது நான்தானாம், மெடல் தாராங்க. நம்ம வீட்டுத் தொட்டில இடம் இருக்குல்லா?"

"இருக்குட்டி. எம்புட்டு வேணும்னாலும் கொண்டு வா."

மகள் தெருமுனை திரும்பியதும் எஸ்தர் பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். அது பாதிதான் திறந்தது. கட்டிலுக்கு மேலும் கீழும் பழைய பைகள். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அந்த ஊரில் வீட்டுத் தொட்டிகளும் எடை போட்டு அபராதம் விதிக்கத் தொடங்கிவிட்டன. அதைச் சொன்னால் பை வராது. பை வராவிட்டால் ஜெனிட்டா எதற்கு வரப்போகிறாள்?

தலையணை இருந்த இடத்தில் புதுப் பையை வைத்துக் கதவைச் சாத்தினாள். அடுக்களையில் தன் பாயில் உட்கார்ந்து, மகளுக்கு வைத்த குழம்பைத் தானே ஊற்றிக்கொண்டாள். முள்ளையும் விடாமல் மென்று விழுங்கினாள்.